இருதயமும் இன்சுலினும்: ஒரு நூற்றாண்டுக் கணக்கு



சென்ற மாத உரை முடிந்து தொலைபேசி இணைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தபோது ஸ்காபரோவிலிருந்து ஒரு அம்மா அழைத்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். உரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தார். "தம்பி, எனக்கு இன்சுலின் போடவேணும் எண்டு டொக்டர் சொல்லுறார். இன்சுலின் போட்டா இருதயம் பழுதாகிப் போகும் எண்டு எல்லாரும் சொல்லுகினம். உண்மையோ?" என்றார். தொடர்ந்து இன்னொரு கேள்வியும் கேட்டார். "சலரோகம் இல்லாத ஆக்களுக்கும் உடம்பில இன்சுலின் இருக்குதாமே? அவையின்ர இருதயத்தை அது ஒண்டும் செய்யாதோ?"

"அம்மா, நான் ஒரு கணக்காளன், வைத்தியன் இல்லை. உங்கட டொக்டரிட்டைத்தான் கேக்கவேணும். ஆனால் அந்த ரெண்டாவது கேள்வி நல்ல கேள்வி. அதின்ர வரலாற்றைத் தேடிப் பார்த்துச் சொல்லுறன்" என்று பதில் சொன்னேன். கடந்த நான்கு வாரங்களாகப் பொதுநூலகத்தில் இருந்து தேடியதன் பலன்தான் இந்த மாதக் கட்டுரை.

அந்த அம்மாவின் கேள்வி எனக்குப் புதிதல்ல. முப்பது வருடங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் அதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் நகரத்தில் தொடங்கிய கதை

நாங்கள் அகதியாக வந்து இறங்கிய இந்த ரொறன்ரோ நகரம்தான் இன்சுலின் பிறந்த ஊர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. டவுன்ரவுனில் வேலை பார்ப்பவர்கள் கொலிஜ் வீதியால் தினமும் போய் வருகிறோம். அந்த வீதியோடு ஒட்டிய பல்கலைக்கழகக் கட்டிடங்களிலும் ரொறன்ரோ பொது வைத்தியசாலையிலும்தான் எல்லாம் நடந்தது.

1889இல் ஜெர்மானிய ஆட்சியின் கீழிருந்த ஸ்ராஸ்பூர்க் நகரில் மின்கொவ்ஸ்கி, வொன் மெரிங் என்ற இரு வைத்தியர்கள் ஒரு நாயின் சதையியை முழுவதுமாக அகற்றினார்கள். சதையி என்பது வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு, கணையம் என்றும் சொல்வார்கள். அந்த நாய்க்குக் கடும் நீரிழிவு வந்தது. ஆகவே சதையிக்குள் சீனியை ஆளும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. அதை வெளியே எடுக்கத்தான் ஒருவராலும் முடியவில்லை. முப்பது வருடங்களாகப் பலரும் முயன்றார்கள். ருமேனியாவில் பவுலெஸ்கு என்பவர் மிகவும் கிட்ட வந்து, 1921இல் தனது முடிவுகளை வெளியிட்டும் இருந்தார்.

அதே 1921இன் மே மாதத்தில் பிரெட்ரிக் பான்ரிங் என்ற இளம் சத்திரசிகிச்சை வைத்தியர், பேராசிரியர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில் வேலையைத் தொடங்கினார். அவருக்குத் துணையாகச் சார்ள்ஸ் பெஸ்ற் என்ற மாணவர் கிடைத்தார். இரண்டு மாணவர்களில் யார் முதலில் போவது என்று நாணயம் சுண்டித்தான் தீர்மானித்தார்களாம். வருட முடிவில் ஜேம்ஸ் கொலிப் என்ற இரசாயன அறிஞரும் வந்து சேர்ந்தார்.

1922 ஜனவரி 11ஆம் திகதி லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அவனது நிறை வெறும் 65 இறாத்தல். முதல் ஊசி சரிவரவில்லை, போட்ட இடம் வீங்கிச் சீழ் கட்டியது. கொலிப் இரவு பகலாக மருந்தைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23இல் மீண்டும் போட்டபோது, 520 ஆக இருந்த இரத்தச் சீனி ஒரே நாளில் 120க்கு இறங்கியது. அதன்பின் அந்தப் பையன் 13 வருடங்கள் வாழ்ந்தான். 1923இல் பான்ரிங்குக்கும் மக்லியொட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தில் பான்ரிங் பெஸ்றுக்கும் மக்லியொட் கொலிப்புக்கும் பங்கு கொடுத்தார்கள். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலர் வீதம் விற்றார்கள். கணக்காளன் என்ற முறையில் பல விற்பனைப் பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். இதைவிடக் குறைந்த விலையில் இதைவிடப் பெறுமதியான ஒன்று கைமாறியதாக நான் அறியவில்லை.

முயலின் இருதயம்

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் உள்ள கதை. எங்கள் அம்மாவின் கேள்விக்கான பதில் அதே 1922இல், அதே ஆய்வுகூடத்தில் தொடங்கியது என்பதை நூலகத்தில்தான் அறிந்தேன்.

ஹெப்பேர்ன், லச்போர்ட் என்ற இருவர், நோய் எதுவும் இல்லாத முயலின் இருதயத்தை வெளியே எடுத்து, உப்பும் சீனியும் ஒட்சிசனும் கலந்த நீரை அதனூடாக ஓடவிட்டார்கள். சரியான சூட்டில் வைத்தால் அப்படி எடுத்த இருதயம் சில மணி நேரம் தானாகவே துடிக்கும். துடிக்கும்போது அந்த நீரிலிருந்து எவ்வளவு சீனியை எடுக்கிறது என்று அளந்தார்கள். பின்னர் அதே நீரில் இன்சுலின் கலந்து அளந்தார்கள். இருதயம் எடுத்த சீனி ஏறக்குறைய மூன்று மடங்காகியது!

உடம்பு இல்லை, மூளை இல்லை, நரம்பு இல்லை. இருதயம் மட்டுமே இருந்தது. ஆகவே இன்சுலின் நேரடியாக இருதயத்தோடு பேசுகிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. அது பேசியது அந்த இருதயத்துக்கு உணவு ஊட்டும் பேச்சு என்பதும் தெரிந்தது.

இரண்டு வருடம் கழித்து, 1924இல், அமெரிக்காவின் ஹார்வார்டில் வோல்ரர் கனன் என்ற அறிஞர் இந்தக் கதையின் மறுபக்கத்தைக் கண்டார். அவர் பூனைகளின் இருதயத்துக்குப் போகும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு, இன்சுலினைக் கூடுதலாகக் கொடுத்தார். இரத்தச் சீனி ஒரு மட்டத்துக்குக் கீழே விழுந்ததும், நரம்பே இல்லாத அந்த இருதயம் வேகமாக அடிக்கத் தொடங்கியது. நரம்பு வழியாகச் செய்தி வரவில்லை என்றால் இரத்தம் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். சீனி குறைந்ததும் உடம்பு பயந்து அட்ரினலினை அள்ளி ஊற்றுகிறது என்று அவர் காட்டினார். அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்டுச் செய்தபோது அந்த வேகம் வரவில்லை.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நிற்போம். இன்சுலின் போட்ட நம்மவர்கள் சிலர் "நெஞ்சு படபடக்குது, கை நடுங்குது, வேர்க்குது" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "பாத்தியோ, ஊசி இருதயத்தைத் தாக்குது" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். அந்தப் படபடப்பு சீனி அளவுக்கு மீறி இறங்கியதால் வருவது. இன்சுலினின் அளவும் சாப்பாட்டின் அளவும் பொருந்தாமல் போனதன் எச்சரிக்கை மணி அது. உடனே சீனித் தண்ணீரோ பழச்சாறோ குடிக்கச் சொல்வது அதற்காகத்தான். இறங்கிய சீனி ஆபத்தானது, அதிலும் ஏற்கனவே இருதய நோய் உள்ளவர்களுக்கு மிகவும் ஆபத்தானது. ஆனால் இன்சுலின் இருதயத்தைத் தின்கிறது என்பது வேறு பேச்சு. இந்த இரண்டையும் கனன் நூறு வருடங்களுக்கு முன்னரே பிரித்துக் காட்டிவிட்டார். நாங்கள் இன்னும் ஒன்றாகக் கலந்து வைத்திருக்கிறோம்.

இருதயத்தின் இரண்டு அடுப்புகள்

இருதயம் எதை எரித்து ஓடுகிறது? பல காலமாகச் சீனியை என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ரிச்சர்ட் பிங் என்ற வைத்தியர், மனிதரின் இருதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் நாளத்துக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தினார். இருதயத்துக்குள் போகும் இரத்தத்தில் என்ன இருந்தது, வெளியே வரும் இரத்தத்தில் என்ன மிச்சம் என்று ஒப்பிட்டார். எங்கள் தொழிலில் சொன்னால், ஆரம்ப இருப்பும் இறுதி இருப்பும் பார்த்துச் செலவைக் கண்டுபிடிப்பது. வயிறு வெறுமையாக இருக்கும்போது இருதயம் பெரும்பாலும் கொழுப்பமிலங்களைத்தான் எரிக்கிறது என்பது இந்த வழியில் தெரியவந்தது.

1963இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிலிப் ராண்டில் என்பவரும் கூட்டாளிகளும் இதன் விதியைச் சொன்னார்கள். கொழுப்பு எரியும்போது சீனி எரிவது குறையும், சீனி எரியும்போது கொழுப்பு எரிவது குறையும். இந்த மாற்றத்தை நடத்தும் கை இன்சுலின். சுகதேகியான ஒருவர் காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டதும் சதையி இன்சுலினைச் சுரக்கிறது. கொழுப்பு இரத்தத்துக்குள் வருவது தடைப்படுகிறது. இருதயம் கொழுப்பு அடுப்பைத் தணித்துச் சீனி அடுப்பை மூட்டுகிறது. சீனி அடுப்புக்கு ஒரு நன்மை உண்டு. அதே அளவு வேலைக்குச் சற்றுக் குறைந்த ஒட்சிசன் போதும்.

ஆகவே இருதயம் நல்ல இருதயமாக இருப்பதற்கு அடையாளம், தேவைக்கேற்ப இரண்டு அடுப்புக்கும் மாறிக்கொள்ளும் திறமை. அந்த மாற்றம் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு தடவை உங்களுக்குள்ளும் எனக்குள்ளும் சத்தமில்லாமல் நடக்கிறது.

சுகதேகிகளிடம் சோதனை

நோயாளியிடம் அளப்பது ஒன்று. நோயில்லாத மனிதரிடம் இன்சுலின் என்ன செய்கிறது என்று எப்படி அளப்பது? அவருக்கு இன்சுலின் கொடுத்தால் சீனி இறங்கிவிடும். கனன் காட்டியதுபோல் அட்ரினலின் வந்து இருதயத்தைத் துரத்தும். பார்ப்பது இன்சுலினின் வேலையா, அட்ரினலினின் வேலையா என்று சொல்ல முடியாது. இரண்டு கணக்கும் ஒரே பேரேட்டில் கலந்துவிடும்.

இதைத் தீர்த்தவர் அமெரிக்காவின் பால்ரிமோரில் இருந்த ரூபின் அன்ட்றெஸ். அவரும் டிபிரொன்சோ, ரோபின் ஆகியோரும் 1979இல் இந்த முறையை விரிவாக வெளியிட்டார்கள். இன்சுலின் ஒரே சீராக ஏறிக்கொண்டிருக்கும். கூடவே குளுக்கோஸும் ஏறும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரத்தச் சீனியைப் பார்த்து, அது இறங்காமலும் ஏறாமலும் நிற்கும்படி குளுக்கோஸைக் கூட்டிக் குறைப்பார்கள். சீனியை ஓரிடத்தில் பிடித்துக் கட்டிவைப்பதால் ஆங்கிலத்தில் இதற்குக் 'கிளாம்ப்' என்று பெயர். சீனி இறங்காததால் அட்ரினலின் அலாரம் அடிக்காது. மிஞ்சுவது இன்சுலினின் வேலை மட்டும்.

இந்த முறையால் பல உண்மைகள் வெளிவந்தன. 1981இல், சுகதேகிகளுக்குச் சீனி இறங்காமலே இன்சுலின் கூடியபோது, உடம்பை உசுப்பும் பரிவு நரம்புத் தொகுதி விழித்துக்கொள்வதைக் கண்டார்கள். 1991இல் அயோவாப் பல்கலைக்கழகத்தார் நோயில்லாதவர்களின் கால் நரம்பில் தலைமயிரைப் போன்ற ஊசியை வைத்து அந்த நரம்பின் துடிப்பையே நேரடியாகப் பதிவு செய்தார்கள். இன்சுலின் ஏறும்போது நரம்பின் உசுப்பல் கூடியது. அப்படியானால் இரத்த அமுக்கம் ஏறியிருக்க வேண்டுமே? ஏறவில்லை. ஏனென்றால் அதே நேரத்தில் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த ஓட்டம் கூடியது.

குழாய்கள் ஏன் விரிந்தன? 1994இல் இன்டியானாவில் அலன் பாரன் குழுவினர் காரணத்தைக் காட்டினார்கள். இன்சுலின் இரத்தக் குழாயின் உட்சுவரைத் தூண்டி நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவை உண்டாக்குகிறது. அது குழாயைத் தளர்த்துகிறது.

எங்கள் தொழிலில் இதற்கு இரட்டைப் பதிவு என்று பெயர். ஒரு பக்கத்தில் பற்று, மறுபக்கத்தில் வரவு. நரம்பு ஒரு பக்கம் இறுக்குகிறது, குழாய் மறுபக்கம் தளர்கிறது. நாடித்துடிப்பு சற்றுக் கூடும், இருதயம் தள்ளும் இரத்தம் சற்றுக் கூடும். ஆனால் இரத்த அமுக்கம் சமன்படும். அந்த அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு இதுவே பதில். சலரோகம் இல்லாதவரின் இருதயத்துக்கு இன்சுலின் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் அது வேலை செய்கிறது. ஐந்தொகை சமன்படுவதால் அது நமக்குத் தெரிவதில்லை.

இன்று வைத்தியர்கள் இதைப் பயன்படுத்தவும் செய்கிறார்கள். மாரடைப்புக்குப் பின் இருதயத் தசையில் எந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது என்று பார்க்க, இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றிப் படம் பிடிக்கும் முறை உண்டு. உயிருள்ள தசை சீனியை இழுத்துப் படத்தில் ஒளிரும்.

சமன் குலையும்போது

அப்படியானால் பயம் எங்கிருந்து வந்தது? இன்சுலின் கூடியவர்களுக்கு இருதய நோயும் கூட வருவதை ஆய்வாளர்களும் கண்டார்கள். 1960இல் நியூயோர்க்கில் பேர்சனும் றோசலின் யாலோவும் இரத்தத்தில் உள்ள இன்சுலினைத் துல்லியமாக அளக்கும் வழியை வெளியிட்டபின், இரண்டாம் வகை நீரிழிவுக்காரர் பலரிடம் இன்சுலின் குறைவாக இல்லை, கூடுதலாக இருக்கிறது என்ற ஆச்சரியம் வெளிவந்தது. உடம்பு இன்சுலினின் சொல்லைக் கேட்கவில்லை. அதனால் சதையி இன்னும் உரத்துக் கத்துகிறது. 1988இல் ஜெரால்ட் றீவன் என்ற அமெரிக்க அறிஞர், இந்தக் கேளாமையும் கூடிய இரத்த அமுக்கமும் கெட்ட கொழுப்பும் ஒன்றாக வருகின்றன, அவை இருதய நோய்க்கு இட்டுச் செல்கின்றன என்று எடுத்துரைத்தார்.

1991இல் லண்டனில் மக்கீக் என்பவரும் சகாக்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் சில நூறு பெண்களையும் பரிசோதித்து வெளியிட்ட முடிவு நம்மைத் தொடுகிறது. தெற்காசியாவிலிருந்து குடியேறியவர்களிடம் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதும் இன்சுலினுக்கு உடம்பு கேளாமல் போவதும் ஐரோப்பியர்களைவிடக் கூடுதலாக இருந்தன. குடியேறிய தெற்காசியரின் மாரடைப்புக்கு இது ஒரு காரணம் என்று அவர்கள் கருதினார்கள்.

கேளாமை வந்த உடம்பில் ஐந்தொகை குலைகிறது. குழாயைத் தளர்த்தும் பக்கம் செவிடாகிவிடுகிறது. நரம்பை உசுப்பும் பக்கமும், சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும் பக்கமும் தொடர்ந்து வேலை செய்கின்றன. ஆகவே குற்றவாளி கேளாமை. இன்சுலின் கூடுவது அதன் அடையாளம்.

இன்சுலினை ஊசியாகப் போடுவதே இருதயத்தைக் கெடுக்குமா என்று நேராகக் கேட்ட ஆய்வும் இருக்கிறது. அது நம் பக்கத்து ஊரான ஹமில்ரனின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் இருந்து நடத்தப்பட்டது. நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ உள்ள, இருதய நோய்க்கான ஆபத்தும் உள்ள 12,537 பேரை ஏறக்குறைய ஆறு வருடங்கள் தொடர்ந்தார்கள். ஒரு பாதியினருக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின், மறு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. 2012இல் முடிவு வந்தது. மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் அவற்றால் ஏற்படும் மரணத்திலும் இரு பாதிக்கும் வித்தியாசம் இல்லை. இன்சுலின் பக்கத்தில் சீனி இறங்குவது கூடுதலாக இருந்தது, நிறையும் சற்றுக் கூடியது. இருதயம் கெடவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மாரடைப்பு வந்தவர்களுக்கு இன்சுலின், குளுக்கோஸ், பொற்றாசியம் மூன்றையும் சேர்த்து ஏற்றினால் உயிர் காக்கலாம் என்று 1962இல் மெக்சிக்கோவில் சொடி பலாறஸ் என்பவர் நம்பினார். 2005இல் இருபதாயிரம் பேரிடம் சோதித்தபோது அதனால் மரணம் குறையவில்லை. ஆகவே இன்சுலின் அமிர்தமும் அல்ல, நஞ்சும் அல்ல. தேவையானவருக்குத் தேவையான அளவில் தேவையான மருந்து.

பற்றுச்சீட்டு இல்லாத கணக்கு

இப்போது எங்கள் வீட்டு முற்றத்துக்கு வருகிறேன். என் அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதில் சலரோகம். இன்சுலின் போட்டு வந்தார். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. குளிர்சாதனப் பெட்டி பெயருக்கு மூலையில் நின்றது. அம்மா ஒரு பெரிய மண்சட்டியில் மணல் பரப்பி, அதன் நடுவே சின்ன முட்டியை வைத்து, அதற்குள் இன்சுலின் போத்தலை வைப்பார். மணலுக்கு விடிய ஒருக்கால் பின்னேரம் ஒருக்கால் தண்ணீர் தெளிப்பது என் வேலை. கொழும்பிலிருந்து யாராவது வந்தால்தான் அடுத்த போத்தல். எப்போது வருவார்கள் என்று தெரியாது. அதனால் அப்பா தானாகவே அளவைக் குறைத்தார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார். "மிச்சம் பிடிக்கிறன்" என்பார்.

1994இல் மாரடைப்பு வந்து அப்பா காலமானார். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் முற்றத்தில் இருந்து கதைத்தது இன்னும் காதில் நிற்கிறது. "உந்த ஊசிதான் அவரின்ர இருதயத்தைக் கெடுத்தது." அம்மா அதை நம்பினார். ஏனென்றால் அந்த ஊசியை ஒவ்வொரு நாளும் ஏற்றியது அம்மாவின் கை. சாகும்வரை அந்தப் பாரத்தைச் சுமந்தார்.

ஊசி போதாமல் போனதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பற்றுச்சீட்டு இல்லாத செலவை எந்தக் கணக்காளனும் பதியக்கூடாது. ஆனால் ஊசிதான் கொன்றது என்ற பதிவுக்கும் பற்றுச்சீட்டு இல்லை. நூறு வருடக் கணக்கைப் புரட்டிப் பார்த்தேன், அப்படியொரு பதிவை எங்கும் காணவில்லை. இதை அம்மாவிடம் சொல்ல இப்போது அவர் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஸ்காபரோ அம்மாவுக்கு: உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் மின்சாரம் நிற்காது. மணலுக்குத் தண்ணீர் தெளிக்க ஒரு பிள்ளையும் தேவையில்லை. உங்கள் வைத்தியரிடம் போங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். சீனி இறங்கினால் எப்படி அறிவது, இறங்கினால் என்ன செய்வது, எனது இருதயத்தின் நிலை என்ன? தமிழில் கேட்க வெட்கமானால் மகளையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியரைக் கேளாமல் அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், மிச்சம் பிடிக்கவும் வேண்டாம்.

மற்ற நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை யாராவது ஒரு செத்தவீட்டிலோ கலியாண வீட்டிலோ "ஊசிதான் காரணம்" என்று தொடங்கினால், ஹெப்பேர்னும் லச்போர்ட்டும் துடிக்கவைத்த அந்த முயலின் இருதயத்தைப் பற்றிச் சொல்லுங்கள். இன்சுலின் வந்ததும் அது பசியோடு சாப்பிட்டது. அது நடந்தது நாங்கள் வாழும் இந்த நகரத்தில்தான்.

மீண்டும் அடுத்த மாதம் இன்னொரு வரலாற்றோடு சந்திப்போம்.